உப்புப் பார்க்கிற கை

அத்தியாயம் 9

புதுச் சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட் பதித்த கையோடு, அதை நாலு பக்கமும் படம் பிடித்து பஹ்ரைனுக்கு அனுப்பிவிட்டு, மனைவி விக்டோரியாவின் பதிலுக்காகச் சுப்பராயன் காத்துக்கொண்டிருந்ததைப் போன வாரம் பார்த்தோம். பதில் வந்தது. ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான்.

கட்டைவிரல் என்றால் நல்லது என்று அர்த்தம், அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அவள் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் கட்டி முடித்த மேடைக்கு ஒரு கட்டைவிரல்தானா? பாவம், வேலை நேரமாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வதில் அவரை மிஞ்ச கும்மிடிப்பூண்டியிலேயே ஆள் கிடையாது.

அவர் முன்பு வேலை பார்த்த கம்பெனி கதவைச் சாத்தியபோது வீட்டு வேலைக்கென்று விமானம் ஏறியவள் விக்டோரியா. அதன் பிறகு அவருக்கு சிப்காட்டில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது. மகள் பிரின்சியும் படித்து முடித்து வேலைக்குப் போகிறாள். "இந்த கிறிஸ்மஸுக்கு வந்துடறேன். வந்தா திரும்பிப் போக மாட்டேன்" என்று ஈஸ்டர் அன்றைக்கு போனில் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷர் மேடை கட்ட இறங்கினார்.

காலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் மதியச் சாப்பாடு அவருக்குத் தனியாகத்தான். பிரின்சியின் கம்பெனி பஸ் வந்து சேர விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் தண்ணீர்ச் சொம்பில் மொபைலைச் சாய்த்து வைத்து, 'ஒரு கவளம்' சேனலைப் போட்டுவிடுவார்.

அன்புராஜ் என்கிற ஒரு தமிழ் இளைஞன் நாடு நாடாகப் போய், யார் வீட்டிலாவது சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுகிற சேனல் அது. எத்தியோப்பியாவில் புளித்த தோசை மாதிரி ஒன்றைப் பிய்த்துத் தின்பான். வியட்நாமில் கிண்ணத்தை வாயில் கவிழ்த்துக்கொள்வான். அவன் ஒரு வாய் வைத்தால் இவரும் ஒரு வாய் வைப்பார். அவன் கண்ணை மூடி ரசித்து முடிக்கிற வரைக்கும் இவர் மென்றுகொண்டிருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் பீகார்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் மாவை உருண்டை பிடித்துச் சுட்டு, சிரித்துப் பேசிக் கூட்டமாகச் சாப்பிடுவார்கள். அது என்ன பண்டம் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்துக் கேட்டதில்லை. எத்தியோப்பியா தெரியும், பக்கத்துப் போர்ஷன் தெரியாது. நம்மிலும் பல பேர் அப்படித்தானே இருக்கிறோம்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும், வீடியோவுக்குக் கீழே இருக்கிற கட்டத்தில் மைக்கை அழுத்தி "நானும் சாப்பிட்டேன் தம்பி" என்று ஒரு வரி சொல்லிவைப்பார், அது எழுத்தாக விழுந்துவிடும். சில நாள் அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம் விழும். அன்புராஜ் படித்துவிட்டான் என்று சந்தோஷப்படுவார். உள்ளே போட்டால் உரியவர் கைக்கு மட்டும் போய்ச் சேருகிற பெட்டி அது என்பது அவருடைய நினைப்பு. மற்றவர்கள் எழுதியதைத் திறந்து பார்த்ததும் இல்லை. பிறத்தியார் கடிதத்தை நாம் படிக்கலாமா?

இப்படிப்பட்ட மனுஷருக்கு அந்த வியாழக்கிழமை காலை கேன்டீனில் ஒரு செய்தி வந்தது.

"இன்னாண்ணா, சொல்லவே இல்ல? அண்ணி யூடியூப்ல பின்னிக்கினு கீறாங்க" என்றான் கூட வேலை பார்க்கிற வெங்கடேசன், நாஷ்டாத் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்து.

"எந்த அண்ணி?"

"நம்ம விக்டோரியா அண்ணிதான். இந்தா பாரு."

மொபைலில் விக்டோரியா கரண்டியோடு நின்றாள். பக்கத்தில் அன்புராஜ். 'பஹ்ரைன் பங்களாவில் நம்மூர் கருவாட்டுக் குழம்பு' என்று பெரிய மஞ்சள் எழுத்து. வெங்கடேசன் வீடியோவை ஓட்டப் போனான். சுப்பராயன் சட்டென்று திரையைக் கையால் மூடினார்.

"இங்க வேணாம். ஊட்ல போய் பாத்துக்கறேன்."

"ரெண்டு நிமிஷம் பாருண்ணா. செமயா பேசறாங்க."

"அத சாப்புடும்போது பாக்கணும்டா."

வெங்கடேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு இட்லியைப் பிட்டான்.

அன்றைக்கு வார்ப்புப் பெட்டிகளைத் தூக்கி இறக்குகிற நேரமெல்லாம் சுப்பராயன் முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை. அன்புராஜ் நேரே அவள் கையால் சாப்பிட்டிருக்கிறான். இவரும் இன்றைக்கு அன்புராஜோடு சாப்பிடப் போகிறார். அப்படிப் பார்த்தால் எத்தனையோ காலம் கழித்து மூன்று பேரும் ஒரே பந்தி.

ஷிஃப்ட் விட்டதும் பஜாரில் இறங்கி நெத்திலிக் கருவாடும், பிஞ்சுக் கத்திரிக்காயும், ஒரு புளிப்பு மாங்காயும் வாங்கினார். புது மேடையில் விக்டோரியாதான் வந்து ஜெபம் பண்ணி முதல் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்று இத்தனை நாள் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். இன்றைக்குத் துணியை எடுத்தார். அங்கே அவள் வைத்த குழம்பைத்தானே இங்கே வைக்கிறோம், இதுவும் அவள் பற்ற வைத்த மாதிரிதான் என்று, வழக்கம்போல, ஒரு சமாதானம்.

மேடை அவருக்குத் தாழ்வு. குனிந்து குனிந்து கிளறியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. குள்ளமான பெண்பிள்ளைக்கு அளவெடுத்துக் கட்டினால் அப்படித்தான் இருக்கும்.

உப்புப் போடுகிற நேரம் கை தயங்கியது. விக்டோரியா தன் சமையலைத் தானே ருசி பார்க்க மாட்டாள். நடவு ஆட்களுக்குக் கூழும் குழம்பும் காய்ச்சிப் போட்ட அவள் தாய் வீட்டில் அப்படி ஒரு பழக்கம். ஆக்குகிறவள் வாயில் வைக்கக் கூடாது, வேறொரு நாக்குதான் உப்புச் சொல்ல வேண்டும். கல்யாணமான மறுநாளிலிருந்து அந்த நாக்கு சுப்பராயனுடையது. ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தாலும் சரி, படுத்திருந்தாலும் சரி, "ஏம்ப்பா, உப்புப் பாரு" என்று குரல் வந்தால் இடது உள்ளங்கையை நீட்டிக்கொண்டு போக வேண்டும். கரண்டியிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பு கையில் விழும். அவர் சொன்னால் உப்பு, வேண்டாம் என்றால் இல்லை. வீட்டில் அவர் வார்த்தை எடுபட்ட ஒரே இடம் அதுதான்.

இன்றைக்குக் கேட்க ஆள் இல்லை. குத்துமதிப்பாக ஒரு கை போட்டு இறக்கினார்.

தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, சொம்பில் மொபைலைச் சாய்த்து வைத்தார். தலையை ஒருதரம் வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மனுஷரைப் பார்த்தால் சிரிப்பும் வந்திருக்கும், கொஞ்சம் கண்ணும் கலங்கியிருக்கும்.

விக்டோரியா வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். புதுக் கண்ணாடி. பங்களாவுக்குப் பின்னால் தனியாக ஒரு சமையலறை. கூட வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் பெண் லோர்னா, வினிகரில் ஊறவைத்த கோழியை வதக்கிக்கொண்டிருந்தாள். டிரைவர் கலாம், வங்காள தேசத்துக்காரர். அவர் கருவாட்டை மிளகாயோடு வைத்து அரைத்து ஒரு துவையல் செய்து வைத்திருந்தார். எங்கள் ஊரிலும் கருவாடு உண்டு என்று அன்புராஜிடம் காட்டினார். மூன்று நாட்டுச் சமையல், மூன்று அடுப்பு, ஒரே சிரிப்பு. விக்டோரியா இவ்வளவு சிரிப்பாள் என்பதே சுப்பராயனுக்கு மறந்துபோயிருந்தது. போனில் அவள் சிரிப்பதில்லை. போனில் அவர்கள் கேஸ் சிலிண்டரைப் பற்றியும் பிரின்சியின் இருமலைப் பற்றியும்தான் பேசுவார்கள்.

குழம்பு கொதித்தது. விக்டோரியா கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கி, யாரையும் பார்க்காமல், "உப்புப் பாரு" என்றாள்.

சுப்பராயனின் இடது கை தானாக எழும்பி நீண்டது.

திரையின் ஓரத்திலிருந்து வேறொரு உள்ளங்கை வந்தது. கலாமுடைய கை. கேட்டு வந்த கை மாதிரி இல்லை, தினமும் வருகிற கை மாதிரி இருந்தது. அவள் ஒரு சொட்டு விட்டாள். அவர் நக்கிப் பார்த்து, "கொஞ்சம் பத்தல" என்றார், நல்ல தமிழில். அவள் ஒரு சிட்டிகை போட்டாள்.

சுப்பராயன் நீட்டிய கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

அன்புராஜ் சாப்பிட்டான். கண்ணை மூடினான். "அக்கா, சான்ஸே இல்ல. கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போயிடுவீங்களா?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி" என்றாள் விக்டோரியா. "ரெண்டு வருஷத்துக்கு திரும்ப எழுதிக் குடுத்துட்டேன். கிறிஸ்மஸ் இங்கதான். இவங்க எல்லாத்துக்கும் நான்தான் பிரியாணி."

லோர்னா கை தட்டினாள். வீடியோ முடிந்து அடுத்தது தானாக ஓட ஆரம்பித்தது. யாரோ எங்கோ எதையோ பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

தட்டில் இருந்ததை சுப்பராயன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். உப்புக் கூடிப் போயிருந்தது. கை கழுவி வந்து, பழக்கப்படி வீடியோவுக்குக் கீழே மைக்கை அழுத்திப் பேசினார்.

"விக்டோரியா, சுப்பராயன் பேசறேன். உன்கூடவே ஒக்காந்து சாப்ட்டேன். நல்லா இருந்தது. உப்புப் பாக்க என்னதான் நீ கூப்புடுவ. மேடை கட்டி முடிச்சாச்சு. கிறிஸ்மஸுக்கு வரலன்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாம். ஒடம்ப பாத்துக்கோ."

அனுப்பிவிட்டுத் தரையில் துண்டை விரித்துப் படுத்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற உடம்பு, மனசு கேட்காவிட்டாலும் தூங்கிவிடும்.

மொபைல் நடுங்கிக்கொண்டே இருந்ததில்தான் விழிப்பு வந்தது. எடுத்துப் பார்த்தால் முன்பின் தெரியாத பெயர்களாக வரிசை. 'அப்பா, நாங்க இருக்கோம்.' 'இந்த ஒரு கமெண்டுக்காக வீடியோவை மறுபடி பார்த்தேன்.' அழுகிற பொம்மைகள். பெட்டி திறந்துகிடந்தது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. முதல் தடவையாகக் கீழே கீழே இழுத்து எல்லாவற்றையும் படித்தார்.

படித்திருக்க வேண்டாம். காலையிலேயே யாரோ ஒருத்தி எழுதியிருந்தாள்: 'உப்புப் பாக்குற அண்ணன்தான் இவங்க வீட்டுக்காரரா? ஜோடிப் பொருத்தம் சூப்பர்.' அதற்கு எக்கச்சக்கமான லைக். இவர் எழுதிய பிறகு வந்தவை வேறு மாதிரி. 'இவளுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?' 'புருஷன் காசுல வெளிநாடு போய் ஆட்டம்.'

சுப்பராயன் பதறிப் போனார். தன் காசில் போனவள் இல்லையே அவள். அவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது போனவள் அல்லவா. ஒவ்வொருத்தர் பெயருக்குக் கீழும் மைக்கை அழுத்தி, "என் மனைவிய திட்டாதீங்க. குடும்பத்துக்காகப் போனவங்க" என்று சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல அது இன்னும் பெருகியது. ஜோடிப் பொருத்தம் என்று எழுதியவளுக்கு மட்டும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதைத் தாண்டிப் போய்விட்டார்.

பிரின்சி செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

"இன்னாப்பா பண்ணி வெச்சிருக்க நீ?"

"அது அம்மாவுக்கு மட்டும் போவும்னு..."

"பஸ்ல ஒருத்தி சத்தம் போட்டு படிக்கறா. பாதி பேரு அச்சச்சோங்கறாங்க, பாதி பேரு சிரிக்கறாங்க. சுப்பராயன், விக்டோரியா, மேடைன்னதும் எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. நான் இன்னும் அந்த வீடியோவே பாக்கல. அதுக்குள்ள உன் கமெண்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊரே அனுப்பிக்கினு கீது. போன குடு. அழிக்கறேன்."

"அழிக்காத."

"ஏன்?"

"நான் பொய்யா எழுதிக்கீறேன்?"

 பிரின்சி பையை இறக்கி வைத்து, மேடையில் சாய்ந்துகொண்டு நின்றாள். மகளின் கண் தன்னைப் பார்க்காமல் கருவாட்டுச் சட்டியைப் பார்ப்பதைச் சுப்பராயன் கவனித்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியும்" என்றார்.

பிரின்சி சட்டியை எடுத்து மூடி போட்டாள்.

"அம்மா வரலன்னு உனக்குத் தெரியும்."

"ரெண்டு மாசமா தெரியும்ப்பா."

"ஒரு வார்த்த சொல்லல."

"எப்டி சொல்றது?" பிரின்சி இவர் பக்கம் திரும்பினாள். "எழுதிக் குடுத்த அன்னிக்கே உன்கிட்ட சொல்லணும்னு அம்மா போன் பண்ணுச்சு. அன்னிக்குத்தான் நீ செங்கல் எறக்கிக்கினு இருந்த. மேடை கட்டறேன் விக்டோரியா, பாருன்னு படத்த அனுப்பின. அடுத்த வாரம் சொல்லலாம்னுச்சு. அடுத்த வாரம் பூச்சு வேல. அப்புறம் கிரானைட்டு. நீ கட்டக் கட்ட அம்மாவால வாயத் தொறக்க முடியலப்பா."

சுப்பராயன் மேடையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் போட்டு, கொத்தனாரோடு நின்று, மட்டம் பார்த்துக் கட்டிய மேடை. அவள் வருவதற்கென்று கட்டியதுதான் அவள் வாயை அடைத்திருக்கிறது என்றால், மனுஷர் எங்கே போய் முட்டிக்கொள்வார்? ஈரத்துணியை எடுத்து, சிந்தியிருந்த குழம்பைத் துடைத்தார்.

அப்போதுதான் விக்டோரியாவின் அழைப்பு வந்தது. தொழிற்சாலைச் சத்தத்தில் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். இன்றைக்கும் அப்படியே போட்டார்.

"பிரின்சிப்பா."

"ம்."

"இன்னாத்துக்கு அங்க போய் எழுதின? என் நம்பர் இல்ல உன்கிட்ட?"

"அது உனக்கு மட்டும்தான் வரும்னு நெனச்சேன்."

"நெசமாவா?"

"நெசமாதான். அந்தத் தம்பிக்கு டெய்லி அதுலதான் எழுதறேன்."

"அவனுக்கு இன்னா எழுதுவ?"

"சாப்ட்டேன்னு."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிரின்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மேடை போட்டோ பாத்தேன்" என்றாள் விக்டோரியா. "ஒசரம் கம்மியா கீற மாதிரி இருந்துச்சு."

"உன் ஒசரம்தான். பிரின்சிய நிக்க வெச்சு, அவுளுக்கு நாலு வெரக்கட கீழ வெச்சேன்."

இப்போது அவள் வாய்விட்டே அழுதாள். அழுகிற பெண்டாட்டியை போனில் எப்படித் தேற்றுவது என்று சுப்பராயனுக்கு இத்தனை வருஷத்தில் பிடிபடவில்லை. நேரில் இருந்தால் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரியும்.

"அழுவாத. நான் சண்ட போடல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த கிறிஸ்மஸ் போவட்டும். அந்த ரெண்டு வருஷம் முடிஞ்சாவது வருவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லிடு, எனக்குப் போதும்."

"சொல்றேன். நீ நடுவுல பேசாம முழுசா கேக்கணும். இங்க எனக்கு..."

அவளுக்கு மிக அருகில் ஓர் ஆண் குரல் கேட்டது. மெதுவாக, ஆனால் தெளிவாக.

"தண்ணி குடி."

விக்டோரியாவின் பேச்சு அப்படியே நின்றது. டம்ளர் ஒன்று கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் அவசரமாக, "நாளைக்குப் பேசறேன்" என்றாள். இணைப்பு அறுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பீகார்க்காரர்கள் யாரோ ஒருவனைக் கேலி பண்ணிச் சிரித்தார்கள். சுப்பராயன் மொபைலைச் சொம்புக்குப் பக்கத்தில் குப்புற வைத்தார். மேடைமேல் கிடந்த பழைய துணியை எடுத்து உதறி, மூலைக்கு மூலை இழுத்து விட்டு, கிரானைட்டை மறுபடியும் மூடினார். குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு வலித்தது.

"யாருப்பா அது?" என்றாள் பிரின்சி.

அவர் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"உப்புப் பாக்கற ஆளு" என்றார்.